செம்பாறையின் பதற்ற எண்

செம்பாறை பஸ் ஸ்டாண்டில் லாரி டயர் வெடித்தபோது காலை ஒன்பதே கால். ஊரின் பதற்ற எண் அப்போது பத்தொன்பது. இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், அந்த எண்ணைப் பார்த்து மணிக்கு நாலு தடவை நோட்டில் எழுதுவதற்குத்தான் அரசாங்கம் என்னை வைத்திருந்தது.

என் பெயர் பால்ச்சாமி. இடர் முன்னறி மையத்தில் உதவியாளர். மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தாலுகா ஆபீசுக்குப் பின்னால் இரண்டு அறைகள், மூன்று கம்ப்யூட்டர், கூரையில் ஒரு சைரன், நான், எனக்கு மேலே ஜெசிந்தா மேடம். அவர் திண்டுக்கல்காரர், புள்ளியியல் படித்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதனால் நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

பதற்ற எண் என்பது இதுதான். காப்பீட்டு அட்டையோடு சேர்த்து எல்லோருக்கும் ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். அது நாடியையும் வியர்வையையும் மூச்சையும் கவனிக்கும். ஓர் ஊருக்குள் இருக்கும் எல்லாப் பட்டைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஊர் எவ்வளவு பயந்திருக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் வரும். எப்போதோ ஒரு கடலோர ஊரில் வெள்ளம் புகுந்தபோது, கலெக்டருக்குத் தகவல் போவதற்கு நாற்பது நிமிஷம் முன்பே ஜனங்களின் நாடி எகிறியிருந்ததை யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஆபீசுக்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது என்று முடிவானது. அதிலிருந்து ஊருக்கு ஊர் மையம். எண் நாற்பத்தைந்தைத் தொட்டால் சைரனும் அறிவிப்பும். அறுபதில் கடைகளும் பள்ளிக்கூடங்களும் மூட வேண்டும். எழுபத்தைந்தில் ஊரையே காலி செய்ய வேண்டும். எதற்காகப் பயந்தார்கள் என்று கேட்க அந்த விதிமுறைப் புத்தகத்தில் ஓர் இடமும் இல்லை. எண் என்ன என்பது மட்டும்தான். அதை ஊருக்கும் காட்ட வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்பலகை வேறு.

டயர் வெடித்ததும் எண் முப்பத்தொன்று ஆனது. நியாயம்தான், பக்கத்தில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள். டிரைவர் இறங்கி ஜாக்கியை எடுத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் மேலத்தெருவில் இருந்த யாரோ, வெடித்தது மஞ்சக்கல் அணை என்று போனில் போட்டுவிட்டார்கள். அணை ஊருக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கிறது. மாடியில் ஏறினால் தெரியும். ஏறிப் பார்ப்பதைவிட அடுத்தவருக்கு அனுப்புவது சுலபம். எண் முப்பத்தெட்டு.

போன் அடித்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து துணை இயக்குநர் குணசீலன்.

"என்னம்மா, முப்பத்தெட்டு காட்டுது?"

"லாரி டயர் வெடிச்சிருச்சு சார். அணைன்னு ஒரு புரளி. அணைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன், நல்லா இருக்காம். பத்து நிமிஷத்துல எறங்கிரும்."

"எறங்கலேன்னா?"

ஜெசிந்தா மேடம் திரையை எட்டிப் பார்த்தார். குணசீலனே மேலே பேசினார்.

"நாப்பத்தஞ்சு வர்ற வரைக்கும் நாம சும்மா உக்காந்திருந்தோம்னு நாளைக்கு எவனாவது கேப்பான். இப்பவே அறிவிப்பு குடுத்துருங்க. மக்கள் பீதியடைய வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் சொன்னதைச் செய்தோம். சைரன் ஒரு நிமிஷம் அலறியது. பிறகு ஒலிபெருக்கியில் நானே பேசினேன்: மஞ்சக்கல் அணை உடைந்ததாக வரும் செய்தியை நம்ப வேண்டாம், பொதுமக்கள் பீதியடைய வேண்டாம். என் குரல் கணீரென்று இருக்கும் என்று பெயர். அதுவரை புரளியைக் கேள்விப்படாத ஏழாயிரம் பேருக்கு அணை, உடைந்தது, பீதி என்ற மூன்று வார்த்தைகளையும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எண் ஐம்பத்தேழு.

ஐம்பத்தேழைப் பார்த்ததும் குணசீலன் போலீசுக்குச் சொன்னார். வேன்கள் வந்தன. வேன்களைப் பார்த்ததும் அறுபத்தாறு. பள்ளிக்கூடங்களை மூடச் சொன்னோம். பிள்ளைகளைத் தேடிப் பெற்றவர்கள் தெருவெல்லாம் ஓடினார்கள். எழுபத்தெட்டு. எந்த அதிகாரியும் அந்த இரண்டு மணி நேரத்தில் மேற்கே திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் எண்ணைத்தான் பார்த்தோம். பதினொன்றரைக்கு ஊரைக் காலி செய்ய உத்தரவு வந்தது. ஜெசிந்தா மேடம் பொத்தானை அழுத்தினார், நான் உறுதிசெய்து கையெழுத்துப் போட்டேன்.

என் அக்கா பேச்சியம்மாவுக்கு அப்போது இடுப்பில் ஆபரேஷன் ஆகி நாலு நாள். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்திருந்தது. மூன்று வாரம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போலீஸ்காரர்கள் இருவர் மாடி ஏறிப் போயிருக்கிறார்கள். அக்கா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்க, எனக்குப் போன் வந்தது. நான் ஓடினேன்.

கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னலைக் காட்டினாள். "டேய் தம்பி, அந்தா தெரியுது பாரு அணை. உடைஞ்சிருக்கா?"

"இல்லக்கா."

"பெறகு எதுக்குடா என்னயத் தூக்குறாக?"

"எண்ணு எழுபத்தெட்டுக்கா. விட்டுட்டுப் போனா நாளைக்கு என்னயத்தான் கேப்பாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியில் வைத்து மாடியிலிருந்து இறக்கினோம். ஸ்கூல் வேனில் குறுக்கி உட்காரவைத்து, இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வெள்ளக்கரட்டுக்கு மூன்று மணி நேரம் ஊர்ந்து போனார்கள். கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளத்தில் கிடத்தினார்கள். மூன்றாம் நாள் காலையில் மூச்சு முட்டுகிறது என்றாள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. போகிற வழியில் ஓடைப் பாலத்து நெரிசலில் வண்டியோடு விழுந்து செத்தவர்கள் இன்னும் இரண்டு பேர்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். அணை உடைப்பால் உயிரிழந்தோர்: இல்லை. குணசீலனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் மாநிலத்துக்கே முன்மாதிரி என்று ஒரு வரி இருந்தது.

ஊர் திரும்பியபின் நடந்த அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜெசிந்தா மேடம் வந்தார். சாப்பிடவில்லை. பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

"அண்ணே, நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். டயராலயும் புரளியாலயும் வந்தது முப்பத்தெட்டு வரைக்கும்தான். மிச்சம் நாப்பது நாம ஏத்துனது. சைரனுக்குப் பத்தொம்பது, போலீசுக்கு ஒம்போது, பள்ளிக்கூடத்துக்குப் பன்னெண்டு."

"நாம என்ன மேடம் செய்ய முடியும்? ரூல் அப்படி."

"சனங்க நம்ம பலகையப் பாத்துப் பயப்படுறாங்க. நாம அவங்க பயத்தப் பாத்துப் பயப்படுறோம். இதுல அணையப் பாத்தது உங்க அக்கா ஒருத்தங்கதான்."

"குணசீலன் சார் ஏன் மேடம் பத்து நிமிஷம் பொறுக்கல?"

"பொறுத்தா அவருக்கு என்ன லாபம்? ஒண்ணும் செய்யாம விட்டு ஏதாச்சும் ஆயிருந்தா வேலை போகும். தேவையில்லாமச் செஞ்சாருன்னு இதுவரைக்கும் யாருக்காவது மெமோ வந்திருக்கா? நீங்க முப்பது வருஷம் சர்வீஸ். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேள்விப்பட்டதில்லை.

எட்டு மாதம் கழித்து, சந்தைப்பேட்டை ஆலமரத்தடியில் நாலு காக்கைகள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் அடிபட்டவை. இறகு கருகியிருந்ததை யார் வேண்டுமானாலும் குனிந்து பார்த்திருக்கலாம். குனியாமல் படம் எடுத்தார்கள். காய்ச்சல் என்றார்கள், விஷக்காற்று என்றார்கள். எண் முப்பத்தாறு, பிறகு நாற்பத்தொன்று. நான் ஒலிபெருக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு, குணசீலனின் போனுக்காகக் காத்திருந்தேன்.

ஜெசிந்தா மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர்களுக்கென்று அதில் ஒரு சோதனை முறை உண்டு. அதைப் போட்டால், பழைய நாட்களின் பதிவு புதிது போல ஓடும். போன வருஷம் தை மாதத்தில் ஒன்றுமே நடக்காத ஒரு வாரத்தை எடுத்து ஓடவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பலகையிலும், மாவட்ட ஆபீசிலும் இருபத்து மூன்று என்று விழுந்தது. உண்மையான எண் அவருடைய திரையில் மட்டும் ஓடியது.

நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். "மேடம், இது தப்பு."

"கொஞ்ச நேரம் பாருங்கண்ணே."

ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்ட் தெரியும். டீக்கடை முன்னால் கூடியிருந்தவர்கள் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கையைக் காட்டி ஏதோ சொன்னார். இரண்டு பேர் திரும்பக் கடைக்குள் போனார்கள். மேடத்தின் திரையில் நாற்பத்தொன்று முப்பத்தைந்தானது, அப்புறம் இருபத்தெட்டு. ஒன்றரை மணி நேரத்தில் இருபது. மத்தியானம் துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து காக்கைகளை அள்ளிக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது.

"நெசமாவே அணை உடைஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அணைக்குன்னு ஒரு இன்ஜினியர் இருக்காரு, அவருகிட்ட போன் இருக்கு. தண்ணி மட்டம் பாக்க ஆள் இருக்கு. அவங்க சொல்லட்டும், முதல் ஆளா நான் சைரன் அடிக்கிறேன். மேலத்தெருவுல எவருக்கோ நாடி துடிக்கிறத வச்சுத்தானா அணை உடைஞ்சது நமக்குத் தெரியணும்?"

அதன் பிறகு அவர் சோதனை முறையை எடுக்கவே இல்லை. ஐந்து மாதம் செம்பாறை அந்தத் தை மாத வாரத்தையே திரும்பத் திரும்ப வாழ்ந்தது. அவர் தினமும் காலையில் வந்ததும் அணைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு விசாரிப்பார். பிறகு தன் திரையில் உண்மையான எண்ணைப் பார்ப்பார். அது இருபத்தைந்தைத் தாண்டியதே இல்லை. ஊரில் கல்யாணம் நடந்தது, தேர் ஓடியது. ஒரு தடவை நிலநடுக்கம் என்று புரளி வந்து, பலகையைப் பார்த்ததும் செத்துப்போனது. என் வாழ்க்கையிலேயே ஓர் அரசாங்க ஆபீஸ் அதன் வேலையை ஒழுங்காகச் செய்து பார்த்தது அந்த ஐந்து மாதம்தான்.

அதை நான் கெடுத்தேன்.

ஆண்டுத் தணிக்கை வருகிறது என்று சுற்றறிக்கை வந்தது. கருவிகள் சரியாக இயங்குவதாக ஒவ்வோர் ஊழியரும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அந்தத் தாளை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மேடத்தைத் தண்டிப்பார்களோ என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என்னை உட்காரவைத்து, "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று யாரோ கேட்பதுபோல மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் கேட்டார், குளிக்கும்போதும் கேட்டார். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

நாலாம் நாள் ஒரு வரி எழுதி அனுப்பினேன். 'சில காலமாக எண்ணில் ஏற்ற இறக்கம் குறைவாகத் தென்படுவதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.' யாரையும் குறிப்பிடவில்லை. ஒரு போன் வரும், மேடம் சோதனை முறையை எடுத்துவிடுவார், அத்தோடு போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஆறு வண்டிகள் வந்தன. குணசீலன் ஒன்றில். சைபர் போலீஸ் ஒன்றில். துப்பாக்கியோடு எட்டுப் பேர். வெடிகுண்டு நிபுணர்களும் அவர்களுடைய நாயும் தனி வண்டியில். நாய் கம்ப்யூட்டரை மோந்தது, சைரனை மோந்தது, கடைசியில் என் டிபன் பாக்ஸ் அருகில் படுத்துக்கொண்டது. வந்ததிலேயே நிதானமாக இருந்தது அது ஒன்றுதான்.

"யாரு சொல்லிச் செஞ்சே? எந்த அமைப்பு?" என்று குணசீலன் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். ஊரு நிம்மதியா இருக்கட்டும்னு செஞ்சேன்," என்றார் ஜெசிந்தா மேடம்.

"நிம்மதியா இருக்கறதுக்கா உங்களச் சம்பளம் குடுத்து வச்சிருக்கு?"

அவருக்கு அங்கேயே பணியிடை நீக்க உத்தரவு கொடுத்தார்கள். உண்மையான எண்ணைப் பலகையில் திருப்பிவிட்டார்கள். ஆறு வண்டியையும் நாயையும் பார்த்திருந்த ஊர் அப்போதே ஐம்பத்திரண்டில் இருந்தது. மத்தியானம் டிவியில் செய்தி: செம்பாறையில் ஐந்து மாதமாக மறைக்கப்பட்ட ஆபத்து. என்ன ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் அவரவர் வசதிக்கு ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் நிம்மதியாக இருந்துவிட்டோம் என்று தெரிந்ததைப் போல அந்த ஊரை வேறு எதுவும் கலக்கியதில்லை. மூன்று மணிக்கு எண் எண்பத்து மூன்று. மாநிலத்திலேயே அதுவரை பதிவாகாத உயரம்.

மேடத்தின் நாற்காலியில் இப்போது நான். காலி செய்யும் உத்தரவுக்கான படிவம் திரையில் திறந்தது. ஆபத்தின் தன்மை என்று ஒரு கட்டம். வெள்ளம், தீ, வாயுக்கசிவு, நோய், பிற. நிரப்பாமல் மேலே போகாது.

"சார், இதுல என்ன போடட்டும்?"

"பிறன்னு போடுய்யா."

"விவரம் கேக்குது சார்."

குணசீலன் சற்று யோசித்தார். "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறதுன்னு போடு."

அப்படியே போட்டேன். ஏழாயிரம் பேரும் மறுபடி வேன் ஏறினார்கள்.

ஜெசிந்தா மேடம் வீட்டுக்கும் போலீஸ் போனது. நானும் கூடப் போனேன், வழி காட்ட. அவர் கதவைத் திறந்து, பணியிடை நீக்க உத்தரவை எஸ்.ஐ.யிடம் நீட்டினார்.

"நாலாவது பத்தியப் படிங்க சார். முன் அனுமதி இல்லாம செம்பாறையை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு இருக்கு. அனுமதி வாங்கிக் குடுங்க, வாரேன்."

எஸ்.ஐ. படித்தார். குணசீலனுக்குப் போன் போட்டார். குணசீலன் தன் மேலதிகாரிக்குப் போட்டார். அனுமதி கொடுத்து, அவர் எங்காவது ஓடிவிட்டால் யார் பதில் சொல்வது? கொடுக்காமல் விட்டு, அவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஓடிப்போகிற குற்றவாளியைவிடச் செத்துப்போன குற்றவாளியால் தொந்தரவு குறைவு என்று முடிவானதாக நினைக்கிறேன். விதிப்படி அவர் ஊரிலேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது. ஏழாயிரம் பேர் இருந்த ஊரில் அவர் ஒருவரை விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

வெள்ளக்கரட்டில் அதே மண்டபம், அக்கா கிடந்த அதே மூலை. அங்கே ஒரு மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை செம்பாறையின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். பன்னிரண்டு. அதற்கு மறுநாள் ஒன்பது. எந்த ஊருக்கும் அவ்வளவு குறைந்து நான் பார்த்ததில்லை. புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இயந்திரம் ஊரில் இருக்கும் பட்டைகளுக்குத்தான் சராசரி எடுக்கும். எத்தனை பட்டை என்று கேட்காது. ஊரில் இருந்தது ஒரே ஒரு பட்டை.

குணசீலனுக்கும் அது தெரியும். ஆனால் அறிக்கையில் தெரியாது. எண்பத்து மூன்றிலிருந்து ஒன்பது, துரித நடவடிக்கையின் பலன் என்று அனுப்பிவிட்டார். பத்திரிகைகளில் வந்தது.

"எப்ப சார் ஊருக்குத் திரும்பலாம்?" என்று நான்காம் நாள் கேட்டேன்.

"திரும்புனா எண் ஏறிரும்யா. இவ்வளவு கஷ்டப்பட்டு எறக்கிருக்கோம்."

இதற்குள் வெள்ளக்கரடு கெட்டுப்போனது. ஏழாயிரம் பேர் எதையோ கண்டு ஓடி வந்திருக்கிறார்கள், எதை என்று சொல்ல மறுக்கிறார்கள் என்றால் உள்ளூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஒட்டிக்கொள்கிற வியாதி என்று முதலில் சொன்னார்கள். எங்களுக்குத் தண்ணீர் தர மறுத்தார்கள். நாங்கள் கல்லெறிவதாகப் புரளி வந்தது, பிறகு யாரோ நிஜமாகவே எறிந்தார்கள். ஏழாம் நாள் காலை அந்த ஊரின் எண் ஐம்பத்தெட்டு. ஒன்பதாம் நாள் வெள்ளக்கரட்டின் பதற்ற எண் எழுபத்தாறு. அந்த ஊரையும் காலி செய்தாக வேண்டும். அவர்கள் ஐயாயிரம், நாங்கள் ஏழாயிரம்.

எங்கே கொண்டுபோவது என்பதையும் இயந்திரமே சொல்லும். நாற்பது கிலோமீட்டருக்குள் எண் குறைவாக உள்ள ஊர் எதுவோ அதுதான் பாதுகாப்பான இடம். பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டுக் குணசீலனைக் கூப்பிட்டேன்.

"சார், செம்பாறைன்னு வருது."

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எண் என்ன?"

"ஒம்போது சார். ஆனா அந்த ஊர்ல யாருமே இல்ல சார்."

"யாருமே இல்லாத ஊருக்கு ஆபத்து எப்படிய்யா வரும்? போடு."

கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாயிரம் பேரைச் செம்பாறைக்கு ஏற்றினோம். எங்கள் ஊர்க்காரர்கள் சொந்த வீட்டுக்கு அகதிகளாகப் போனார்கள். வெள்ளக்கரட்டுக்காரர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். முதல் நாள் முறைத்துக்கொண்டார்கள், இரண்டாம் நாள் எங்கள் வீட்டுப் பெண்கள் அவர்களுக்குச் சோறு கொண்டுபோனார்கள். வீடு திரும்பிய அலுப்பில் ஊரே இரண்டு நாள் தூங்கியது. எண் பதினெட்டில் நின்றது. குணசீலன் ஒரே மாதத்தில் இரண்டு ஊர்களைக் காப்பாற்றியவர் என்று பதவி உயர்வு பெற்று, சென்னைக்குப் போனார். ஜெசிந்தா மேடத்தை வேலையை விட்டே எடுத்தார்கள். குற்றப்பத்திரிகையில் புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது: காலி செய்யும் உத்தரவுக்குப் பணிய மறுத்து, ஆபத்தான பகுதியில் தங்கியது.

அவர் திண்டுக்கல்லுக்குக் கிளம்பிய அன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். வாசலில் மினி லாரி நின்றது. சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவர் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒம்போது நாளும் பயமா இல்லயா மேடம்?"

"இல்லண்ணே. பயப்படுத்த ஆளில்லயே. தெனமும் காலைல அணை வரைக்கும் நடந்துட்டு வருவேன். மத்தியானம் நல்லாத் தூக்கம் வந்துச்சு."

டிரைவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"ஏற்ற இறக்கம் குறைவாகத் தென்படுவதைப் பணிவுடன் கொண்டுவருகிறேன்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "விசாரணைல வாசிச்சுக் காட்டுனாங்க. பேரு சொல்லல. நம்ம ஆபீஸ்ல பணிவா எழுதுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

என் காதெல்லாம் சூடானது. கைப்பட்டை மெல்ல அதிர்ந்தது.

"யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்துட்டேன் மேடம். உனக்குத் தெரியுமா, தெரியாதான்னு."

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"யாரு கேட்டாங்கண்ணே?"

யோசித்துப் பார்த்தேன். விசாரணைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை.

"இதுவரைக்கும் யாரும் கேக்கல மேடம்," என்றேன்.